அருஞ்சொல்லும் ஒற்றை எஸ்ஸும்

நாய் வளர்க்கிற வீட்டு வாசலில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று பலகை தொங்கும். அதன் மேலேயோ கீழேயோ ஆங்கிலத்தில் 'பிவேர் ஆஃப் டாக்ஸ்' என்றிருக்கும். தமிழ் வரியில் வினைச்சொல்லே கிடையாது. ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது நாயா, நாமா என்று யாரும் குழம்பியதும் கிடையாது. ஆங்கில வரியில் வினை இருக்கிறது, அதுதான் வம்பு. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் அண்ணன் மகள் ஒருநாள் அந்தப் பலகை முன்னால் நின்று கேட்டாள்: "சித்தப்பா, ஐ பிவேர், யூ பிவேர்... ஹீ பிவேர்ஸா?" பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. முப்பது வருடமாக ஆங்கிலம் படிக்கிறேன். அந்த வினையை 'ஹீ' என்ற எழுவாயோடு ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அதிகம் புழங்காத ஓர் ஆங்கில வினை நிகழ்காலத்தில் எப்படித் திரியும்? பார்க்கச் சின்னக் கேள்வி. பள்ளி இலக்கணம் ஒரு வரியில் முடித்துவிடும். ஆனால் இந்த ஒரு வரியை மொழி வரலாற்றுக்காரர்களும் குழந்தை மொழி ஆய்வாளர்களும் வட்டார வழக்கைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தவர்களும் தனித்தனியே துருவியிருக்கிறார்கள். அவர்கள் கண்டதை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, நான் பயந்துகொண்டிருந்த இடம் தவறு என்று தெரிந்தது. அருஞ்சொற்கள் பெரும்பாலும் சொன்னபடி கேட்கிற பிள்ளைகள். முரண்டு பிடிப்பவை நாம் தினமும் நூறு முறை சொல்லும் சொற்கள்.

தமிழ் இலக்கணம் படித்துவிட்டு ஆங்கில நிகழ்காலத்துக்கு வருகிறவனுக்கு முதலில் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். நம் 'ஓடு' நிகழ்காலத்தில் ஓடுகிறேன், ஓடுகிறோம், ஓடுகிறாய், ஓடுகிறீர்கள், ஓடுகிறான், ஓடுகிறாள், ஓடுகிறார், ஓடுகிறார்கள், ஓடுகிறது, ஓடுகின்றன என்று பத்து வேஷம் போடும். எழுவாயை விழுங்கிவிட்டாலும் ஓடுவது யார் என்று விகுதி காட்டிக் கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் 'ரன்', 'ரன்ஸ்' என்று இரண்டே. நான், நீ, நாம், அவர்கள் எல்லாருக்கும் மொட்டை வினை. அவன், அவள், அது என்ற மூவருக்கு மட்டும் கடைசியில் ஓர் எஸ். எங்கள் பள்ளியில் இதற்கு ஒரு சூத்திரம் உண்டு: எழுவாயில் எஸ் இருந்தால் வினையில் இருக்காது, வினையில் இருந்தால் எழுவாயில் இருக்காது. 'பாய்ஸ் ரன்', 'பாய் ரன்ஸ்'. வீட்டில் ஒரே சைக்கிளை அண்ணன் தம்பி மாற்றி மாற்றி ஓட்டுவது மாதிரி. இலக்கணப்படி இது தப்பு. பெயரில் வருவது பன்மை எஸ், வினையில் வருவது ஒருமை எஸ், இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. 'மென் ரன்' என்று ஒரு வாக்கியம் வந்தால் சூத்திரம் கவிழ்ந்துவிடும். ஆனாலும் எங்களுக்கு மதிப்பெண் வாங்கித் தந்தது அந்தத் தப்பான விளக்கம்தான்.

இப்படி ஓர் அரைகுறை விகுதி நமக்கும் புதிதல்ல. 'செய்யும்' என்னும் வாய்பாட்டு வினைமுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் வரும், அவள் வரும், அது வரும், அவை வரும் என்று ஒரே வடிவம் நான்கு பாலுக்குப் போதும். தன்மைக்கும் முன்னிலைக்கும் பலர்பாலுக்கும் அது ஆகாது என்று தொல்காப்பியமும் நன்னூலும் வேலி போட்டு வைத்திருக்கின்றன. ஆங்கில எஸ்ஸின் எல்லையும் ஏறக்குறைய இந்த வேலிதான்: படர்க்கை மட்டும், அதிலும் பலர் கூடாது.

எழுத்தில் ஒன்றாக இருக்கும் இந்த எஸ் காதில் மூன்றாக விழும். 'வாக்ஸ்' என்னும்போது பாம்பு சீறுகிற ஸ். 'ரன்ஸ்' என்னும்போது வண்டு ரீங்கரிக்கிற ஒலி, அதற்குத் தமிழில் எழுத்து இல்லாததால் இந்தக் கட்டுரை முழுக்க அதையும் ஸ் என்றே எழுத வேண்டியிருக்கிறது. 'வாட்சஸ்' என்னும்போது ஓர் அசையே கூடுகிறது. முன்னால் நிற்கும் ஒலி தொண்டையை அதிர வைக்கிறதா, இல்லையா, அல்லது அதுவே ஒரு சீறலா என்பதைப் பொறுத்து இந்த மூன்றில் ஒன்று வரும். ஆங்கிலம் பேசும் வீட்டில் இதை யாரும் குழந்தைக்கு உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை.

சொல்லித் தராமலே தெரியுமா என்று சோதித்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜீன் பெர்க்கோ. 1958 இல் வெளிவந்த அவருடைய ஆய்வு, 'வக்' என்ற கற்பனைப் பறவையின் பெயரால் இன்றும் வக் சோதனை என்றே அறியப்படுகிறது. நான்கு வயது முதல் ஏழு வயது வரையிலான குழந்தைகளுக்குப் படங்களைக் காட்டி, அகராதியில் இல்லாத சொற்களைச் சொல்லி, வாக்கியத்தை முடிக்கச் சொன்னார். பறவையின் பன்மையைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நமக்கு வேண்டியது அதிகம் பேசப்படாத இரண்டு படங்கள். ஒன்றில் ஒருவர் 'நாஸ்' என்கிற ஏதோ ஒரு காரியத்தைச் செய்கிறார், தினமும் செய்கிறார். இன்னொன்றில் 'லூட்ஜ்'. தினமும் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. 'நாஸஸ்', 'லூட்ஜஸ்' என்று ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் சொல்லிவிட்டார்கள். பாதிதானா என்று கேட்கக் கூடாது. இரண்டு சொல்லுமே சீறலில் முடிபவை. ஓர் அசையையே கூட்ட வேண்டிய கடினமான வகை. உலகத்தில் அதுவரை யாருமே சொல்லியிராத வினைக்கு ஒரு நண்டுப்பயல் நிகழ்கால வடிவம் கொடுத்துவிடுகிறான். அதைவிட அரிய வினை ஏது?

ஆனால் எஸ் எல்லாம் ஒரே நேரத்தில் வாயில் வந்துவிடுவதில்லை. ரோஜர் பிரவுன் ஆடம், ஈவ், சாரா என்ற புனைபெயர்களில் மூன்று குழந்தைகளின் பேச்சைப் பின்தொடர்ந்து 1973 இல் ஒரு நூல் எழுதினார். பதினான்கு இலக்கண உருபுகள் எந்த வரிசையில் குழந்தைக்குக் கைவருகின்றன என்று அதில் பட்டியலிட்டார். பன்மை எஸ் நான்காவது இடம். 'உடைய' என்று பொருள்தரும் உடைமை எஸ் ஆறாவது. நம் வினை எஸ் பத்தாவது. ஒலி ஒன்றேதான், அதே ஸ், அதே ரீங்காரம். பன்மை எஸ்ஸை விட்டால் ஒன்று பலவாகாது, பொருள் கெட்டுவிடும். வினை எஸ்ஸை விட்டால் ஒன்றும் குடிமுழுகாது, 'ஹீ' என்று முன்னாலேயே சொல்லியாயிற்று. வேலை இல்லாத உருபு கடைசியில்தான் வந்து சேரும் என்று எடுத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்கிறவர்களைப் பற்றிய ஆய்வுகளும் இந்த எஸ் தாமதமாகவே நிலைபெறுகிறது என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆகவே இருபது ஆண்டு ஆங்கிலம் பேசியும் 'ஹீ கோ' என்று நாக்குத் தவறுகிறவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

இந்த எஸ் லண்டனில் பிறந்ததுமில்லை. தென் இங்கிலாந்தில் பழங்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு இருந்த விகுதி 'எத்'. எஸ் வடக்கத்திச் சரக்கு. லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூல் என்று ஒரு லத்தீன் கையெழுத்துப் படி உண்டு, கி.பி. 700 வாக்கில் எழுதப்பட்டது. பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆல்ட்ரெட் என்ற பாதிரியார் அதன் வரிகளுக்கு இடையில் தம் ஊர் ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதி வைத்தார். நம் ஏடுகளில் அரும்பதவுரை எழுதுவது போல. அந்த நார்தம்ப்ரிய ஆங்கிலத்தில் எஸ்ஸும் பழைய விகுதியும் கலந்து கிடக்கின்றன. வடக்கில் வந்து குடியேறிய வைக்கிங்குகளின் மொழிதான் இதற்குக் காரணம் என்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை.

பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன்காரரான சாசர் 'கேன்டர்பரி கதைகள்' எழுதுகிறார். அதில் ரீவ் என்ற பாத்திரம் சொல்லும் கதையில் வடக்கிலிருந்து கேம்பிரிட்ஜுக்குப் படிக்க வந்த இரண்டு மாணவர்கள் வருகிறார்கள். அவர்கள் வாயில் மட்டும் எஸ் விகுதியைப் போடுகிறார் சாசர். நம் சினிமாவில் ஒரு பாத்திரத்துக்குக் கோவைத் தமிழோ நெல்லைத் தமிழோ கொடுத்து அரங்கைச் சிரிக்க வைக்கிற அதே உத்தி. அன்றைய லண்டன்காரர் காதுக்கு எஸ் என்பது பட்டிக்காட்டுப் பேச்சு. இருநூறு வருடம் கழித்துப் பார்த்தால் லண்டனே அப்படிப் பேசிக்கொண்டிருக்கிறது. ஷேக்ஸ்பியர் இரண்டையும் கலந்து எழுதினார். ஓர் அசை குறைந்தால் எஸ், சீருக்கு ஓர் அசை கூடுதலாக வேண்டுமென்றால் 'எத்' என்று கவிஞருக்கு வசதியாகவும் இருந்தது. 1611 இல் வந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியம் மட்டும் பிடிவாதமாகப் பழைய விகுதியையே வைத்துக்கொண்டது. 1643 இல் ரிச்சர்ட் ஹாட்ஜஸ் என்ற ஆசிரியர் எழுத்துக்கூட்டல் பற்றிய தம் நூலில் உள்ளதைப் போட்டு உடைத்தார்: எழுதுவது 'எத்', வாய் சொல்வது எஸ். அதாவது விவிலியத்தை 'எத்' என்று பார்த்துக்கொண்டே எஸ் என்று வாசித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். 'சொல்லுகிறேன்' என்று அச்சிட்டதை 'சொல்றேன்' என்று வாசிக்கிற நமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இங்கேதான் நான் தேடிக்கொண்டிருந்த முடிச்சின் முதல் நுனி அகப்பட்டது. பழைய விகுதி எல்லா வினைகளிலிருந்தும் ஒரே நாளில் கழன்றுவிடவில்லை. மற்ற வினைகள் எஸ்ஸுக்கு மாறிய பிறகும் 'ஹாத்', 'டோத்', 'சேத்' மூன்றும் வெகுகாலம் பழைய சட்டையைக் கழற்றவில்லை. 'ஹேவ்', 'டூ', 'சே' ஆகிய வினைகளின் பழைய வடிவங்கள் அவை. மூன்றுமே ஆங்கிலத்தில் நாள் முழுக்க வாயில் உருளும் சொற்கள். எஸ்ஸுக்கு மாறிய பிறகும் அவை ஒழுங்காக மாறவில்லை. 'ஹேவ்ஸ்' வரவேண்டிய இடத்தில் 'ஹாஸ்'. 'டூஸ்' இல்லை, 'டஸ்'. 'சேஸ்' இல்லை, 'செஸ்'. தேய்ந்த படிக்கட்டு எப்போதும் அதிகம் பேர் ஏறிய படிக்கட்டுதான்.

எஸ்ஸே ஒட்டாத கூட்டம் ஒன்றும் உண்டு: 'கேன்', 'மே', 'ஷல்', 'மஸ்ட்', 'வில்' முதலியவை. 'ஹீ கேன்ஸ்' என்று யாரும் சொல்வதில்லை. துணைவினை என்பதால் ஒட்டாது என்று பாடப்புத்தகம் முடித்துவிடும். அது காரணம் ஆகாது. 'டூ', 'ஹேவ்' இரண்டும்கூடத் துணைவினைதான், அவற்றுக்கு ஒட்டுகிறதே. உண்மைக் காரணம் பழையது. இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை பிறப்பில் இறந்தகால வடிவங்கள், நிகழ்காலப் பொருளுக்குக் குடிபெயர்ந்தவை. இறந்தகாலத்துக்கு நான், அவன் வேறுபாடு கிடையாது அல்லவா, அந்தப் பழக்கத்தைப் புது வீட்டுக்கும் எடுத்து வந்துவிட்டன. இறந்தகாலம் எப்படி நிகழ்காலம் ஆகும் என்று மலைக்க வேண்டாம். வகுப்பில் ஆசிரியர் "புரிந்ததா?" என்று கேட்டால் "புரிந்தது" என்கிறோம். வடிவம் இறந்தகாலம், பொருள் இப்போது தெளிவாக இருக்கிறது என்பது. அப்படித்தான் 'கேன்' முதலில் 'அறிந்துகொண்டேன்' என்று இருந்து, பிறகு 'தெரியும்' என்றாகி, கடைசியில் 'முடியும்' என்று நிற்கிறது.

இந்தக் குடும்பத்தில் செத்துப்போன ஒரு மூத்த அண்ணன் உண்டு: 'விட்', அறிதல் என்று பொருள். நிகழ்காலத்தில் 'ஐ வாட்', 'ஹீ வாட்'. எஸ் கிடையாது. இன்று சட்ட ஆவணங்களில் 'அதாவது' என்ற பொருளில் வரும் 'டு விட்' என்ற தொடரில் மட்டும் அதன் எலும்பு கிடைக்கிறது. இதே வேரிலிருந்து பிறந்ததுதான் சமஸ்கிருத வேதம் என்ற சொல். அங்கேயும் 'வேத' என்பது இறந்தகால அச்சில் வார்த்த வினைவடிவம், பொருள் மட்டும் நிகழ்காலம்: 'அறிவான்'. நானுக்கும் அவனுக்கும் ஒரே வடிவம். நார்தம்ப்ரியாவிலும் நைமிசாரணியத்திலும் ஒரே கோணல் என்று வியக்கலாம். கோணல் அதைவிடப் பழையது.

கூட்டத்தின் ஓரத்தில் 'டேர்' நிற்கிறது. துணிதல். பிறப்பால் இதுவும் எஸ் இல்லாத சாதி, 'ஹீ டேர் நாட்' என்பதுதான் அதன் பழைய நடை. புழக்கம் குறையக் குறைய அது பொது வினைகளின் வரிசைக்கு வந்துவிட்டது. பிரிட்டனின் எஸ்ஏஎஸ் படைப்பிரிவின் முழக்கம் 'ஹூ டேர்ஸ் வின்ஸ்', அதில் எஸ் ஒட்டிக்கொண்டுவிட்டது. கோபம் வந்தால் மட்டும் பழைய ரத்தம் பேசும்: 'ஹவ் டேர் ஹீ!' அங்கே எஸ்ஸைப் போட்டால் கோபமே காமெடியாகிவிடும். 'நீட்' கதை நேர் எதிர். அது பிறப்பால் சாதாரண வினை. பொருள் நெருக்கத்தால் மறுப்பு, கேள்வி போன்ற வாக்கியங்களில் மட்டும் இந்தக் கூட்டத்தோடு போய் உட்கார்ந்துகொண்டது. 'ஹீ நீட்ஸ்' என்போம், 'ஹீ நீட் நாட்' என்றும் எழுதுவோம்.

இனி, அண்ணன் மகளின் கேள்விக்கு வருகிறேன். 'பிவேர்' என்பது ஒரு சொல் அல்ல, ஒட்டிப்போன இரண்டு சொற்கள்: 'பி' என்ற இரு, 'வேர்' என்ற எச்சரிக்கை. எச்சரிக்கையாக இரு என்பதுதான் மொத்தமும். 'பி' என்ற வினை மொட்டையாக நிற்க முடிந்த இடங்களில் மட்டுமே இந்த ஒட்டுச்சொல்லும் நிற்கும். ஏவலில் நிற்கும், 'டு'வுக்குப் பின் நிற்கும், 'மஸ்ட்' போன்றவற்றுக்குப் பின் நிற்கும். 'ஹீ' வந்தாலோ 'பி' அங்கே 'இஸ்' ஆகிவிடும், ஆனால் அது 'வேரோ'டு ஒட்டிக் கிடக்கிறதே, எப்படி மாறும்? எனவே 'ஹீ பிவேர்ஸ்' இன்றைய ஆங்கிலத்தில் கிடையாது. முன்காலத்தில் சிலர் அப்படி எழுதிப் பார்த்தது உண்டு, நிலைக்கவில்லை. 'அவன் எச்சரிக்கையாக இருக்கிறான்' என்று சொல்ல வேண்டுமானால் வேறு வாக்கியம்தான் கட்ட வேண்டும். 'தொலைந்து போ' என்னும் 'பிகானு'க்கும் இதே கதி. பதில் கிடைத்த அன்று அவளிடம் சொன்னேன். "அப்போ அது வினையே இல்லை, பலகையில எழுதுறதுக்குன்னே வச்சிருக்காங்க" என்றாள். இலக்கணக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள் என்றே நினைக்கிறேன்.

இப்படிப் பாதி உடம்போடு வாழும் வினைகளைக் குறைவினை என்பார்கள். நமக்கு அவற்றைப் புரிந்துகொள்வதில் சிரமமே இருக்கக் கூடாது. 'வேண்டும்', 'போதும்', 'உண்டு', 'இல்லை' எல்லாம் அந்த இனம்தானே. 'எனக்குப் போதும்' என்போம், 'நான் போதுகிறேன்' என்போமா? ஆங்கிலத்தில் 'மீதிங்ஸ்' என்று ஒரு பழஞ்சொல் உண்டு. 'மீ' என்றால் எனக்கு. 'திங்ஸ்' என்பது இங்கே நினைத்தல் அல்ல, 'தோன்றுகிறது' என்ற பொருளில் பழைய ஆங்கிலத்தில் தனியாக இருந்த இன்னொரு வினை. ஒலி நெருக்கத்தால் பின்னாளில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆகவே 'மீதிங்ஸ்' என்பது 'எனக்குத் தோன்றுகிறது' என்பதன் அச்சு அசல். நான் என்று தொடங்கியும் எஸ் வருகிறதே என்று ஆங்கிலேய மாணவன் திகைப்பான். எழுவாய் நான் அல்ல, தோன்றுகிற அந்த விஷயம் என்பது தமிழ் மாணவனுக்குச் சொல்லாமலே விளங்கும். ஒரு காலத்தில் அவர்களும் 'எனக்குப் பசிக்கிறது' என்ற கட்டிலேயே பேசியவர்கள். பிற்பாடு எல்லா வாக்கியத்துக்கும் எழுவாய் முன்னால் நின்றாக வேண்டும் என்று ஒரு கட்டாயம் வந்து அந்த நான்காம் வேற்றுமை அழகெல்லாம் போய்விட்டது. 'பிஹோவ்ஸ்' மட்டும், 'அவனுக்குத் தகும்' என்ற பொருளில், 'இட்' என்ற பொய் எழுவாயைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறது. அதற்கு ஐயும் இல்லை, ஹீயும் இல்லை.

'குவோத்' இன்னும் பரிதாபம். 'சொன்னான்' என்று பொருள், எழுவாய்க்கு முன்னால் நின்றால்தான் பேசும். அதன் நிகழ்காலமே காணாமல் போய்விட்டது. 'குவோட்' என்ற மேற்கோள் வினைக்கும் அதற்கும் உறவு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள், இல்லை. அது லத்தீன் வழி வந்தது. 'குவோத்'தின் உண்மையான பங்காளி உயில் எழுதி வைக்கும் 'பிக்வீத்'. அது நல்ல பிள்ளையாக 'பிக்வீத்ஸ்' என்று எஸ் போட்டுக்கொண்டு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறது.

ஆக, அருஞ்சொல்லுக்கு இரண்டே கதி. ஒன்று, உறைந்து ஒரே வடிவத்தில் கல்லாகிவிடும். அப்படிப்பட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. இல்லையென்றால் பொது விதிக்கு முழுசாக அடங்கிவிடும். மீதி ஆயிரக்கணக்கான வினைகளும் இந்த இரண்டாம் வகைதான். தவிர்த்தல் என்னும் 'எஸ்ச்சூ', அடித்து வீழ்த்தல் என்னும் 'ஸ்மைட்', மெல்ல நடத்தல் என்னும் 'வெண்ட்', எதை எடுத்தாலும் எஸ்ஸைப் போட்டால் முடிந்தது. இறந்தகாலத்தில் 'ஸ்மோட்' என்று சண்டை போடும் 'ஸ்மைட்'கூட நிகழ்காலத்தில் 'ஸ்மைட்ஸ்' என்று கைகட்டி நிற்கிறது. 'வெண்ட்' ஒரு தியாகி. அதன் பழைய இறந்தகாலம்தான் 'வென்ட்'. 'கோ' அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, இது 'வெண்டட்' என்று புதிதாக ஒன்று தைத்துக்கொண்டது.

எழுத்துக்கூட்டலில் சில்லறைத் தொல்லைகள் இருக்கின்றன. சீறலில் முடிந்தால் ஈ சேர்த்து எஸ். மெய்க்குப் பின் ஒய் வந்தால் அது ஐஈ ஆகி எஸ். ஓ-வில் முடியும் 'வீட்டோ', 'எக்கோ' ஈ கேட்கும், 'ரேடியோ' கேட்காது. 'குவிஸ்' தன் இசட்டை இரட்டித்துக்கொள்ளும். பிரெஞ்சிலிருந்து வந்த 'ரிகோஷே', 'குரோஷே' போன்றவற்றில் எழுதுகிற டி-யைச் சொல்லக் கூடாது, சொல்லாத டி-க்குப் பின்னால் வரும் எஸ்ஸை மட்டும் சொல்ல வேண்டும். இவற்றுக்கு அகராதியைப் புரட்டுவது அவமானம் அல்ல. இவை எழுத்தின் தொல்லைகள், வினையின் தொல்லைகள் அல்ல.

எஸ்ஸை ஒரேயடியாக விட்டுவிட்டவர்களும் இங்கிலாந்திலேயே இருக்கிறார்கள். நாரிச் நகரப் பேச்சைப் பற்றிப் பீட்டர் டிரட்ஜில் 1974 இல் வெளியிட்ட ஆய்வில் நடுத்தர வர்க்கத்தின் மேல்தட்டினர் எஸ்ஸை ஒருமுறையும் விடவில்லை. உழைப்பாளர்களின் அடித்தட்டில் நூற்றுக்கு 97 இடங்களில் எஸ் இல்லை. ஒரே ஊர், ஒரே சந்தை, ஒரே மொழி. பதினாறாம் நூற்றாண்டில் நாரிச்சில் அடைக்கலம் புகுந்த டச்சு, பிரெஞ்சு பேசும் நெசவாளர்கள் ஆங்கிலம் கற்றபோது எஸ்ஸை விட்டதன் மிச்சம் இது என்பது டிரட்ஜிலின் ஊகம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆங்கிலத்திலும் இந்த எஸ் பெரும்பாலும் இல்லை. அது சோம்பல் அல்ல, ஒழுங்குள்ள வேறொரு இலக்கணம் என்று வில்லியம் லபோவ் போன்றவர்கள் 1960களிலிருந்தே நிறுவி வந்திருக்கிறார்கள். வியன்னாவில் பார்பரா சைடல்ஹோஃபர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தமக்குள் பேசும் ஆங்கிலத்தைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். எஸ்ஸை விட்டதால் பேச்சு புரியாமல் போவதில்லை என்று 2004 இல் எழுதினார். அது சரிதான். ஆனால் நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவர் புரிந்ததா என்றா பார்க்கிறார்? வேலை இல்லாத இந்த ஒற்றை எழுத்துக்கு மிஞ்சியிருக்கும் வேலை ஆளை எடைபோடுவதுதான்.

படித்தவர்களின் ஆங்கிலத்திலும் எஸ் மறைகிற ஓர் இடம் உண்டு. 'காட் சேவ் த கிங்'. கடவுள் ஒருவர்தானே, 'சேவ்ஸ்' என்றல்லவா வர வேண்டும்? வராது. அது செய்தி அல்ல, வேண்டுதல். நம் வியங்கோள். 'காக்கிறார்' அல்ல, 'காக்க'. காலனிக் காலத்துப் பள்ளிகளில் தினமும் அதைப் பாடிய நம் தாத்தாக்களுக்கு வாழ்க, காக்க என்ற பக்கத்தைத் திறந்து காட்டியிருந்தால் ஒரு நொடியில் புரிந்திருக்கும்.

தமிழர்களுக்கு உள்ள உண்மையான சிக்கல் எஸ்ஸில் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர்களுடைய நிகழ்காலம் நம் நிகழ்காலம் அல்ல. 'ஹீ ரன்ஸ்' என்றால் இப்போது ஓடுகிறான் என்று பொருளில்லை, ஓடும் வழக்கமுள்ளவன் என்று பொருள். நாம் அதை 'தினமும் ஓடுவான்' என்று எதிர்கால வடிவத்தில் சொல்கிறோம். 'சூரியன் கிழக்கே உதிக்கும்' என்கிறோம். கண்ணெதிரே ஓடுகிறவனுக்கு அவர்கள் 'இஸ் ரன்னிங்' என்பார்கள். 'ஓடுகிறான்' என்பதை அப்படியே பெயர்க்கப் போய்த்தான் 'ஐ ஆம் ஹேவிங் எ கார்', 'ஐ ஆம் நோயிங்' என்ற நம்மூர் ஆங்கிலம் பிறக்கிறது. எஸ்ஸை விட்டால் ஒரு மதிப்பெண் போகும். இதை விட்டால் பொருளே போகும். பாடத்திட்டம் நேரம் ஒதுக்குவதோ முதலாவதற்கு.

மறுபக்கம், ஆங்கில வினையைத் தமிழுக்குள் இழுக்கும்போது நாம் கொஞ்சமும் தடுமாறுவதில்லை. 'டவுன்லோட் பண்றான்', 'ஃபார்வர்ட் பண்ணுது'. எவ்வளவு அரிய வினையானாலும் மொட்டையாகப் பிடித்துவந்து 'பண்ணு'வின் கையில் கொடுத்துவிடுகிறோம், விகுதியெல்லாம் பண்ணுவின் பொறுப்பு. ஆங்கிலமும் புதிதாக வருகிறவர்களை எளிதாகத்தான் நடத்துகிறது. ஒரு நிறுவனத்தின் பெயர் 'கூகிள்' என்ற வினையாகி 2006 இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறியபோது அதன் படர்க்கை வடிவம் என்ன என்று எவரும் கேட்கவில்லை.

அரியது அடங்கும், பழகியது முரண்டும் என்பதற்கு இறந்தகாலத்தை வைத்து ஒரு கணக்கே போட்டிருக்கிறார்கள். 2007 இல் 'நேச்சர்' இதழில் எரெஸ் லீபர்மனும் உடனாய்வாளர்களும் பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளைப் பின்தொடர்ந்தார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் 145 ஒழுங்கற்றே இருந்தன, இன்று 98. நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் வினை பத்து மடங்கு வேகமாக விதிக்கு அடங்குகிறது என்பது அவர்கள் கண்ட விகிதம். நிகழ்காலத்துக்கு இப்படி எண்ணிப் பார்க்க வழியில்லை, ஒழுங்கற்றவையே நாலைந்துதான். ஆனால் எண்ணிக்கையைவிட எனக்குப் பிடித்த சாட்சிகள் இரண்டு இருக்கின்றன.

ஒன்று 'பிஹேவ்'. நடந்துகொள்ளுதல். அது 'ஹேவ்' என்ற வினையின் முன் 'பி' சேர்த்துப் பதினைந்தாம் நூற்றாண்டில் உண்டானது. அம்மா 'ஹாஸ்' என்று திரிகிறாள், மகள் 'பிஹாஸ்' என்று திரியவில்லை. 'பிஹேவ்ஸ்' என்று ஒழுங்காக எஸ் போட்டுக்கொள்கிறாள். மற்றொன்று 'கெயின்சே'. மறுத்துப் பேசுதல், இன்று எழுத்தில் மட்டும் எப்போதாவது வரும் சொல். உள்ளே இருப்பது நம் 'சே'தான். தனியாக வந்தால் 'செஸ்' என்று தேய்ந்துபோகும் அதே சொல், இங்கே எப்படி ஒலிக்க வேண்டும்? 'கெயின்செஸ்' என்பாரும் உண்டு, 'கெயின்சேஸ்' என்பாரும் உண்டு. அந்தச் சொல்லைப் பார்த்தால் சத்தமாக வாசித்துப் பாருங்கள். உங்கள் நாக்கு எந்தப் பக்கம் போகிறதோ அதுவும் சரியே.